சோப்புக்குப் போகாத எண்ணெய்

பம்பர் பெயின்ட் லைன் மொத்தம் நாற்பத்தோரு மணி நேரம் நின்றது. திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்கு நின்றது, புதன் விடியற்காலை இரண்டு நாற்பதுக்குத்தான் மறுபடி ஓடியது. பெயின்ட் ஷாப் கூடத்தின் நடுவில் தொங்கும் பலகையில் சிவப்பு எண்கள் நிமிடம் நிமிடமாகக் கூடிக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தார்கள். லைன் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த எண்ணை யாரும் அழிக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்த சத்யப்பிரியா அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. இயற்பியல். ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. பெயின்ட் அடிக்கும் அறையான பூத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பம்பரையும் பிசுபிசுப்பான வலைத்துணியால் துடைத்து அனுப்ப வேண்டும். ஒரு தூசு இருக்கக் கூடாது. அவள் இடப்பக்கம் துடைப்பாள். வலப்பக்கம் துடைப்பது பாண்டிச்செல்வி. அன்று வலப்பக்கத்தில் அமலா என்ற புதுப் பெண் நின்றிருந்தாள்.

ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம், நின்றபடியே ஒரு கூட்டம் நடக்கும். ஷாப் இன்சார்ஜ் ஜீவானந்தம் முந்தின நாள் எண்ணிக்கையைப் படிப்பார். அன்றைய நிறங்களைச் சொல்வார். கடைசியில் கையிலிருக்கும் அட்டையை மூடிக்கொண்டே, "ஏதாவது அப்நார்மல்?" என்று கேட்பார். இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் "நில் சார்" என்பார்கள், வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை என்று பொருள். இந்த இரண்டு வருடத்தில் வேறு பதிலை சத்யப்பிரியா கேட்டதில்லை. அவளுடைய "நில் சார்" பெரும்பாலும் உதட்டசைவோடு சரி. நான்கு பேர் நடுவில் தன் குரல் தன் காதிலேயே விழுந்தால் அவளுக்குக் கழுத்து சூடாகிவிடும்.

வியாழனன்று ஜீவானந்தம் அட்டையை மூடுவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார்.

"லைன் ஏன் நின்னுச்சுங்கற ரூட் காஸ் ரிப்போர்ட் நாளைக்குப் பத்து மணிக்கு கஸ்டமருக்குப் போவுது. சிலிகான் கன்டாமினேஷன். எங்கேர்ந்து வந்ததுன்னா, ஆபரேட்டர் லாக்கர்ல இருந்த ஹேர் சீரம். பேர் போட்டுத்தான் போவுது. பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் இந்த ஏரியால எந்த கான்ட்ராக்டரும் சேக்க மாட்டான். நாம மாத்தவும் முடியாது. அதனால அவங்கவங்க லாக்கரைப் பாத்துக்குங்க. ஏதாவது அப்நார்மல்?"

"நில் சார்."

அந்தப் பேர் பாண்டிச்செல்வியுடையது.

பெயின்ட் ஷாப்பில் சிலிகான் என்பது வாயில் வரக்கூடாத சொல். பொட்டளவு போதும். அது பட்ட இடத்தில் பெயின்ட் பரவாமல் விலகிக்கொள்ளும். பம்பர் அடுப்புக்குள் போய் வெளியே வரும்போது அங்கே மீன் கண் போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். வாசலிலேயே ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தலைக்குப் போடும் சீரம், கைக்குத் தடவும் க்ரீம், பாடி ஸ்ப்ரே, உதட்டுச் சாயம், எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. அதில் வண்டி எண்ணெய் எதுவும் இல்லை.

திங்களன்று முதல் மூன்று மணி நேரத்தில் நூற்றுத் தொண்ணூறு பம்பர்களில் பள்ளம் விழுந்தது. லைனை நிறுத்தினார்கள். பதற்றத்தில் முதலில் எல்லோருடைய கையையும் ஆல்கஹால் ஊற்றித் துடைக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் கையில் பஞ்சை ஒற்றி சாம்பிள் எடுத்தார்கள். இருபத்திரண்டு சாம்பிளும் சுத்தமாக வந்தன. பூத்தைக் கழுவினார்கள், ஃபில்டர்களை மாற்றினார்கள், துணி மூட்டைகளை அப்படியே எரிக்க அனுப்பினார்கள். செவ்வாய் இரவு லாக்கர்களைத் திறந்தார்கள். பாண்டிச்செல்வியின் லாக்கரில் சீரம் பாட்டில் இருந்தது. ஹாஸ்டலில் வைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள் என்று அங்கே வைத்திருந்தாள்.

அவள் சாத்தூர் பக்கம். இருபது வயது. மூன்று வருடம் வேலை பார்த்துக்கொண்டே கம்பெனி நடத்தும் வகுப்புக்குப் போனால் டிப்ளமா கிடைக்கும் என்று சேர்ந்தவள். மூன்று வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. புதன் காலை அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வியாழன் மாலைக்குள் ஹாஸ்டலையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சத்யப்பிரியா இடப்பக்கத்தைத் துடைத்தாள். அமலா வலப்பக்கத்தைத் துடைத்தாள். பம்பர்கள் வந்துகொண்டே இருந்தன.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்தது இதுதான்.

சத்யப்பிரியாவின் அண்ணன் வசந்த், ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை வைத்திருந்தான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷிஃப்ட் ஆட்களை அதே கம்பெனி கேட் வரைக்கும் ஏற்றி இறக்குவது அவன் வேலை. மே மாதம் பிறந்ததிலிருந்து வண்டி சூடாகிக்கொண்டே இருந்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும், முள் சிவப்புக்கு ஏறிவிடும். படப்பை மெக்கானிக் டில்லிபாபு பானெட்டைத் திறந்து, இன்ஜின் சூட்டோடு இருக்கும்போதே ஆஃப் செய்யச் சொல்லி, விசிறியை ஒரு விரலால் தள்ளினார். அது பாட்டுக்கு நாலு சுற்று சுற்றியது.

"பாத்தியா, காத்தாடி கணக்கா சுத்துது. சூட்டுல இது இறுக்கிப் புடிக்கணும். ஃபேன் கிளட்ச் காலி. புதுசு வர பத்து நாளாவும்" என்றார்.

பத்து நாள் வண்டி நின்றால் ட்ரிப் வேறு ஆளுக்குப் போய்விடும். வசந்த் செல்லில் ஒரு வீடியோ பார்த்தான். புதுப்பேட்டைக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் வாங்கி வந்தான். பாட்டிலின் மேல் கடைக்காரர் ஒட்டிய காகிதத்தில் 'ஃபேன் கிளட்ச் ஆயில்' என்று பேனாவால் எழுதியிருந்தது.

சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டுக்கு முன்னால், தகரக் கொட்டகையின் கீழ், ஞாயிறு காலை பேப்பரை விரித்து வேலையை ஆரம்பித்தார்கள். வசந்த்துக்குப் பெரிய கை, பொறுமையும் கிடையாது. சத்யப்பிரியாவுக்கு விரல் மெலிசு. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவில் அவள் கைதான் போனது.

"பெல்ட்டை அழுத்திப் புடிண்ணா. நட்டோட சேந்து எல்லாம் சுத்துது."

"புடிச்சிக்கினுதான் கீறேன். நீ திருப்பு."

நான்கு நட்டுகள் கழன்றதும் விசிறியும் கிளட்ச்சும் ஒன்றாக வெளியே வந்தன. கிளட்ச் ஒரு தடித்த தோசைக்கல் அளவுக்கு இருந்தது. முகப்பில் கடிகாரத்துக்குள் இருப்பது போல ஒரு சுருள் பட்டை. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். மூடியைத் தூக்கியபோது உள்ளே எண்ணெய் ஏறக்குறைய இல்லை. வளையம் வளையமாக வெட்டிய இரண்டு தட்டுகள்தான் இருந்தன.

"ஃபிசிக்ஸ் மேடம், இது இன்னா கதைன்னு சொல்லு. மூணு வருஷம் காலேஜுக்கு பஸ் ஏத்தி வுட்டிருக்கேன்" என்றான் வசந்த்.

வீட்டில் அவளுக்குப் பேச்சு வரும். "இந்தத் தட்டு இன்ஜினோட சுத்தும். அந்தத் தட்டுல விசிறி இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது. காத்து சூடாச்சுன்னா இந்தச் சுருள் வளைஞ்சி ஓட்டையைத் தெறக்கும். எண்ணெய் நடுவுல வந்து ரொம்பும். எண்ணெய்தான் அதை இழுத்துக்கினு போவும்."

"தொடாமலே?"

"தொடாமலே."

"நல்லா கீதே" என்றான் அவன்.

எண்ணெய் பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஆனால் பாட்டிலைச் சாய்த்தால் தேனை விட மெதுவாக இறங்கியது. ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து, இரண்டு சிரிஞ்ச் நிறைய ஊற்றினாள். ஊற்றியது கீழே போய் அடங்க அரை மணி நேரம் ஆனது. மூடியைப் போடும்போது விளிம்பில் வழிந்தது, விரல்களில் எல்லாம் பட்டது. வேஸ்ட் துணியில் துடைத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு வசந்த் விசிறியை ஒரு விரலால் தள்ளினான். கால் சுற்று போய் நின்றுவிட்டது.

"புடிச்சிக்கிச்சு" என்றான் மெதுவாக, யாரோ தூங்குவது போல.

அவள் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வழுக்கியது. துணி சோப்புத் தூளைப் போட்டுக் கழுவினாள். பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக் கழுவினாள். வாசனை ஒன்றும் இல்லை. போய்விட்டது என்று நினைத்தாள்.

திங்கள் காலை ஷிஃப்டில் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, துணிக் கட்டைப் பிரித்தது அவள்தான். தினமும் அவள்தான் பிரிப்பாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பாண்டிச்செல்விக்குக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை லைன் நின்றிருந்ததால் மதியமே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் சத்யப்பிரியா அண்ணன் வண்டியைப் பெருக்கினாள். சீட்டுக்கு அடியில் அந்த பாட்டில் உருண்டு வந்தது. கடைக்காரர் ஒட்டிய காகிதத்தின் ஒரு மூலை எழும்பியிருந்தது. பிய்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது: நூறு சதவீதம் சிலிகான்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கையிலிருந்து உறைக்கு, உறையிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து பம்பருக்கு என்று பரீட்சையில் விடை எழுதுவது போல வரிசையாகத் தோன்றியது. அவ்வளவுதான். கால் மரத்துப்போனால் அதைத் தொட்டுப் பார்க்கும்போது வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது.

வசந்த் வந்தபோது அவள் இன்னும் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இது சிலிகான்ணா."

"எது?"

"நாம ஊத்துனது."

அவன் பாட்டிலை வாங்கிப் பார்த்தான். பெயின்ட் ஷாப் ஆட்களைத் தினமும் ஏற்றி இறக்குகிறவன், அந்தச் சொல் அவனுக்கும் தெரியும். "நீதான் மூணு தபா கை கழுவுனியே. நான் பாத்தேன்."

"சோப்புக்குப் போவாது."

"யாருக்கு தெரியும் இது?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வுடு." பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினான். "சத்யா, சொன்னா உன் கேட் பாஸ் மட்டும் போவாது. என் ட்ரிப் ஷீட்ல கையெழுத்து போடறதும் அதே ஜீவானந்தம் சார்தான். யார் மேலயும் பழி வரலை இல்ல?"

"வரலை."

செவ்வாய் மாலை அது உண்மைதான். லாக்கர்களை அதற்கப்புறம்தான் திறந்தார்கள். வசந்த் பாட்டிலைப் பரண்மேல், பழைய மிக்ஸி டப்பாவுக்குப் பின்னால் வைத்தான்.

வியாழன் ஷிஃப்ட் முடிந்ததும் பாண்டிச்செல்வியை ஸ்டேஷனில் விடப் போனது வசந்த்தின் வண்டிதான். சத்யப்பிரியா ரிப்போர்ட் விஷயத்தையும் சொல்லிக் கேட்டுக்கொண்டாள், அவனும் சரி என்றான். பாண்டிச்செல்வி ஹாஸ்டல் வாசலில் ஒரு பெரிய பையோடும் பச்சை பிளாஸ்டிக் வாளியோடும் நின்றிருந்தாள். வசந்த் பையைத் தூக்கிப் பின்னால் வைத்தான். வாளியை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதுல என் பேரு எழுதியிருக்குக்கா. விட்டுட்டுப் போனா இதுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதிருவாக" என்றாள்.

சத்யப்பிரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை ராத்திரி வண்டிக்குத்தான் டிக்கெட்டு கெடச்சது. அதுவரைக்கும் செங்கல்பட்டுல எங்க ஊர்க்கார மதினி வீட்டுல இருப்பேன். அவக வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில ஆளு தெரியுமாம். கேட்டுப் பாக்கேன்னு சொன்னாரு."

நாளைக்குப் பத்து மணிக்கு அந்த வழியும் அடைபடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேம்பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. முன்னால் ஆறேழு கன்டெய்னர்கள். எதிர்ப்பக்கம் புதுக் கார்களை அடுக்கிய நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் தகரத்தில் இறங்கியது. பத்து நிமிடம் ஆயிற்று. இன்ஜினுக்கு முன்னால் காற்றைக் கிழிப்பது போல ஒரு இரைச்சல் கிளம்பிக் கூடிக்கொண்டே போனது. விசிறி பிடித்துக்கொண்டதன் சத்தம் அது. முள் பாதியிலேயே நின்றது.

"போன மாசம் இதே இடத்துலதான எங்க எல்லாரையும் எறக்கி விட்டுட்டுத் தண்ணி ஊத்துனீக" என்றாள் பாண்டிச்செல்வி. "இப்ப என்னண்ணே மந்திரம் போட்டீக?"

"ஃபேன் கிளட்ச்சுமா. எண்ணெய் தீந்து போயிருந்தது. ஊத்துனோம்."

"என்ன எண்ணெய்ண்ணே?"

வசந்த் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தான். "அதுக்குன்னு ஒரு எண்ணெய் இருக்குமா."

"எல்லாத்துக்கும் ஒரு எண்ணெய் இருக்கு. என் தலைக்குத்தான் எதையும் வைக்கக் கூடாதாம்" என்றாள் அவள். அவளே சிரித்தாள்.

பிறகு வாளிக்குள் கையை விட்டு அந்தச் சீரம் பாட்டிலை எடுத்தாள். "போட்டோ புடிச்சிக்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாக. பாருங்கக்கா, மேல சுத்துன பிளாஸ்டிக்குகூடக் கிழியலை. ரூம்மேட்டு கல்யாணத்துக்குப் போடலாம்னு வாங்கினது. இதக் காட்டித்தான் சொன்னேன். லாக்கர்ல இருந்ததே தப்புன்னுட்டாரு. தப்புதான், இல்லேங்கலை. ஆனா லைன நான் நிறுத்தலைல்லக்கா?"

சத்யப்பிரியா கிழியாத அந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். "ம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"நீங்க வச்சுக்கங்க. எனக்கு இத இனிமே பாக்கவே புடிக்கலை." பாண்டிச்செல்வி பாட்டிலை அவள் கையில் திணித்தாள். "சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சிருங்க. திங்கக்கிழமை கையோட கொண்டு போயிராதீக."

லாரி திரும்பியது. வண்டிகள் நகர்ந்தன.

ஸ்டேஷன் வாசலில் வசந்த் பையை இறக்கிவைத்தான். பாண்டிச்செல்வி ஒரு தோளில் பையும் ஒரு கையில் வாளியுமாகப் படியேறினாள். பாதியில் நின்று திரும்பி, வாளியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கையசைக்க வேறு கை இல்லை.

திரும்பி வரும்போது மேம்பாலத்தில் வண்டி நிற்கவில்லை.

"இன்னா, பேசாமயே வர?" என்றான் வசந்த்.

"நான் எப்பவும் பேசறதில்லயே."

"அதுவும் சரிதான்" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை காலை நாலரைக்கு சத்யப்பிரியா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அதைத் தொடுவதற்கு முன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டாள். விளக்கடியில் வைத்து, அதிலிருந்த பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பாட்டிலைக் கம்பெனிக்குள் எடுத்துப் போகக் கூடாது, தாள் போதும். திரும்ப ஏறி அது இருந்த இடத்திலேயே வைத்தாள். இறங்கித் திரும்பியபோது வசந்த் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான்.

"டிஃபன் எடுத்துக்கினியா?" என்றான்.

"எடுத்துக்கினேன்."

"சரி, வா. டைமாவுது."

ஐந்து ஐம்பதுக்குக் கூட்டம் தொடங்கியது. பலகையிலிருந்த சிவப்பு எண்ணை யாரோ பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். ஜீவானந்தம் முந்தின நாள் எண்ணிக்கையைப் படித்தார். அன்றைக்கு வெள்ளையும் சாம்பலும் என்றார். அமலா பக்கத்தில் நின்று கொட்டாவியை அடக்கினாள்.

"ஏதாவது அப்நார்மல்?"

"நில் சார்."

அவர் அட்டையை மூடிவிட்டார். வரிசை கலையப் போனது. அப்போதுதான் சத்யப்பிரியாவின் கை மேலே போயிருப்பதை அமலா முதலில் பார்த்தாள், பிறகு மற்றவர்கள். ஜீவானந்தம் கடைசியில் பார்த்தார்.

"என்னம்மா? லீவா?"

அவள் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, குரல் யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு. கம்ப்ரெஸர் ஓடுது, ஒண்ணும் கேக்கலை."

கழுத்து சூடானது. காது மடல் வரைக்கும் ஏறியது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் உடம்பில் அவளுக்குத் தெரிந்த முதல் விஷயம் அந்தச் சூடுதான். தாளைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இருபத்தொரு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பாண்டிச்செல்வி லாக்கர்லேர்ந்து வரலை சார். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வண்டி ஃபேன் கிளட்ச்சுக்கு நான்தான் எண்ணெய் ஊத்துனேன். அது சிலிகான். என் கையிலேர்ந்துதான் சார் வந்தது."